மெமரி என்கிரிப்ஷன்: மதகு திறந்ததா என்று பார்த்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வர் வாங்கும்போது விற்பவர் தரும் தாளில் 'மெமரி என்கிரிப்ஷன்: உண்டு' என்று ஒரு வரி இருக்கும். மெஷின் ஓடும்போது தரவு தங்கும் நினைவகமான ராமில் உள்ளதை, சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மறைப்பதுதான் அது; தமிழில் மறையாக்கம். வாங்குபவர் அதற்கு நேரே டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவார். மதுரையில் ஸ்கேன் சென்டர், வழக்கறிஞர் அலுவலகம், நகைக்கடை, கல்லூரி என்று பல இடங்களில் சர்வர் வந்துவிட்டது. அதில் நோயாளியின் பெயர், கட்சிக்காரரின் ஆதார் எண், அடகு வைத்தவரின் முகவரி எல்லாம் கிடக்கிறது. அந்த 'உண்டு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வேறு நிலைகள் ஒளிந்திருக்கின்றன. எந்த நிலை என்று பார்த்து எழுதி வைக்காவிட்டால் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. லினக்ஸ் சர்வர்களை வைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில் இது எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஹார்ட் டிஸ்க்கை மறையாக்கம் செய்வது இப்போது பலருக்கும் தெரிந்த வேலை. ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த டிஸ்க்கைத் திறக்கும் சாவி ராமில் அப்பட்டமாக இருக்கும். 'கரண்டு போனால் ராம் அழிந்துவிடுமே' என்பார்கள். உடனே அழிவதில்லை. ராமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் தங்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். புதுப்பிப்பதை நிறுத்தினாலும் சில விநாடிகள் வரை, சில சமயம் நிமிடக் கணக்கில்கூட, பெரும்பகுதி அப்படியே நிற்கும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் இதைச் செய்தே காட்டினார்கள். தூசி ஊதும் ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால் ராம் சிப் மைனஸ் 50 டிகிரி வரை குளிரும். அந்தக் குளிரில் மின்சாரம் இல்லாமல் 10 நிமிடம் வைத்திருந்தும் நூற்றில் ஒரு பங்குகூட அழியவில்லை. சிப் சூடாக இருந்தால் சீக்கிரம் அழியும் என்பது உண்மைதான். அதனால் நம் ஊர் சித்திரை வெயில் காப்பாற்றிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஸ்பிரே டப்பாவுக்கு மதுரையும் ஒன்றுதான், கொடைக்கானலும் ஒன்றுதான்.

இதற்குத்தான் வன்பொருளிலேயே மறையாக்கம் வந்தது. ராமுக்குத் தரவைக் கடத்தும் மெமரி கன்ட்ரோலருக்குள், ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் வேலை செய்யும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ராமுக்குப் போகும் தரவு அதன் வழியாக மறைந்து போகும். திரும்பி வரும்போது தெளிந்து வரும். ஏஎம்டி சிப்களில் இதன் பெயர் எஸ்எம்இ. ஒவ்வொரு முறை ரீசெட் ஆகும்போதும் சிப்பிற்குள்ளேயே இருக்கும் பாதுகாப்புச் செயலி புதிதாக ஒரு சாவி உருவாக்கிக்கொள்ளும். அந்தச் சாவி எந்த மென்பொருளின் கண்ணிலும் படாது. ராமைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் சரி, அதே மெஷினை யுஎஸ்பி ஸ்டிக்கில் ரீபூட் செய்து பழைய ராமைப் படிக்கப் பார்த்தாலும் சரி, கிடைப்பது குப்பைதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் எஸ்எம்இ ஆதரவு 4.14 பதிப்பில், 2017 நவம்பரில் வந்தது. இன்டெல் தரப்பில் இதே வேலையைச் செய்வது டிஎம்இ.

இனி அந்த மூன்று நிலைகள். கெர்னலோடு வரும் ஏஎம்டி மெமரி என்கிரிப்ஷன் ஆவணம் இவற்றைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. முதலாவது, சிப்பில் அந்தத் திறன் இருப்பது. இரண்டாவது, மெஷின் எழும்போது முதலில் ஓடும் போர்டு மென்பொருளான பயாஸ் அதைத் திறந்துவிட்டிருப்பது. மூன்றாவது, ராமில் எது எங்கே என்று குறிக்கும் பேஜ் டேபிளின் ஒவ்வொரு பதிவிலும் கெர்னல் மறையாக்க பிட்டை உண்மையில் போட்டுக்கொண்டிருப்பது. வைகை அணையில் தண்ணீர் இருப்பது ஒன்று, மதகைத் திறந்தது ஒன்று, மேலூர்க் கடைமடை வயலில் தண்ணீர் ஏறியது ஒன்று. அணை நீர்மட்டத்தைப் படித்துவிட்டுக் கடைமடைக்காரர் நாற்றங்கால் விடமாட்டார். விற்பனைத் தாளில் இருப்பது அணை நீர்மட்டம் மட்டும்.

எப்படிப் பார்ப்பது? கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். திரையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

ப்ராக் அடைவில் சிபியுஇன்ஃபோ என்ற கோப்பைத் திறந்து, ஃபிளாக்ஸ் (கொடிகள்) வரியில் எஸ்எம்இ இருக்கிறதா என்று பாருங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்த எழுத்து இருந்தால் 'இயங்குகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் 'சிப்பில் வசதி இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. பயாஸ் திறந்துவிடவில்லை என்றால் கெர்னலே அந்தக் கொடியை நீக்கிவிடும். ஆகவே கொடி இருந்தால் இரண்டாம் நிலை வரை வந்தாயிற்று என்று மட்டும் பொருள். கொடி இல்லாவிட்டால் சிப்பில் திறன் இருந்தும் பயாஸில் மூடியிருக்கலாம். சிப்பை நேரடியாகக் கேட்க சிபியுஐடி என்ற கருவி இருக்கிறது. பதினாறடிமானத்தில் 8000001எஃப் என்ற இலையை (தகவல் பக்கத்தை) கேட்டால், ஈஏஎக்ஸ் பதிவேட்டின் 0-ஆவது பிட் எஸ்எம்இ, 1-ஆவது பிட் எஸ்இவி (மெய்நிகர் மெஷின்களுக்கான மறையாக்கம்). ஈபிஎக்ஸ் பதிவேட்டின் கடைசி ஆறு பிட்டுகள், பேஜ் டேபிளில் எத்தனையாவது பிட் மறையாக்கத்துக்கு என்பதைச் சொல்லும். ஏஎம்டியின் சர்வர் சிப்பான எபிக்கின் முதல் தலைமுறையில் அது 47.

பயாஸ் திறந்ததற்கு இன்னொரு தடயம் அதே சிபியுஇன்ஃபோ கோப்பில் உண்டு. 'அட்ரஸ் சைசஸ்' வரியில் வழக்கமாக 48 பிட் என்று இருக்கும் இடத்தில், எபிக் முதலிரு தலைமுறைகளில் 43 பிட் என்று குறைந்திருக்கும். மறையாக்கத்துக்காக 5 பிட்டுகளை விட்டுக்கொடுத்ததால் வந்த குறைவு. முகவரி எல்லை 256 டெராபைட்டிலிருந்து 8 டெராபைட்டாகிறது. இது கோளாறு இல்லை. இதைப் பார்த்துவிட்டு 'சிப் போலி' என்று விற்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

நேரடிச் சான்று வேண்டுமென்றால் எம்எஸ்ஆர்-டூல்ஸ் தொகுப்பை நிறுவி, மாட்ப்ரோப் கட்டளையால் எம்எஸ்ஆர் மாட்யூலை ஏற்றி, ஆர்டிஎம்எஸ்ஆர் கட்டளையால் சிப்பின் உள்ளே இருக்கும் பதினாறடிமான சி0010010 பதிவேட்டைப் படியுங்கள். 23-ஆவது பிட் 1 என்றால் மதகு திறந்திருக்கிறது. மைனஸ் எஃப் 23:23 என்று சேர்த்துக் கொடுத்தால் அந்த ஒரு பிட்டை மட்டும் காட்டும். கண்ணை இடுக்கி எண்ண வேண்டாம். இது 0 ஆக இருந்தால் லினக்ஸ் தானாக 1 ஆக்காது. முகவரி எல்லை குறைவதால் மற்றக் கார்டுகளுக்கு இடம் போதுமா என்று பயாஸ்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அதற்குக் காரணம். ஆவணத்திலும் இது எழுதியிருக்கிறது.

மூன்றாம் நிலைக்குச் சான்று, மெஷின் எழும்போது கெர்னல் எழுதும் பூட் பதிவில் மட்டும் இருக்கிறது. டிஎம்இஎஸ்ஜி கட்டளை காட்டும் வரிகளில் 'மெமரி என்கிரிப்ஷன் ஃபீச்சர்ஸ் ஆக்டிவ்: ஏஎம்டி எஸ்எம்இ' என்று வர வேண்டும். பழைய கெர்னல்களில் ஏஎம்டி என்ற சொல் வரியின் தொடக்கத்தில் வரும். மாதக்கணக்கில் ஓடும் சர்வரில் பூட் வரிகள் வெளியே தள்ளப்பட்டு டிஎம்இஎஸ்ஜியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அப்போது ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே மைனஸ் பி என்று கொடுத்துத் தேடுங்கள். வரி கிடைக்கவில்லை என்பதற்காக உடனே 'இல்லை' என்று எழுதாதீர்கள்.

ஏனென்றால் இன்னொரு வகையும் இருக்கிறது: டிஎஸ்எம்இ. இதில் பயாஸே ராம் முழுவதையும் மறைத்துவிடும். கெர்னல் பேஜ் டேபிளில் ஒரு பிட்டும் போட வேண்டியதில்லை. அதனால் மேலே சொன்ன 'ஆக்டிவ்' வரியும் வராது. அலுவலக டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் இதுவே நல்லது என்பது எங்கள் கருத்து. ரைசன் புரோ சிப்களில் மெமரி கார்டு (இங்கே 'கார்டு' என்றால் காவல்) என்ற பெயரில் ஏஎம்டி விளம்பரப்படுத்துவது இதைத்தான். புதிய கெர்னல்களில், பாதுகாப்புச் செயலிக்கான சிசிபி டிரைவர், எஸ்ஒய்எஸ் அடைவில் தன் பிசிஐ சாதனத்தின் கீழ் டிஎஸ்எம்இ_ஸ்டேட்டஸ் என்ற சிறு கோப்பை வைத்திருக்கும். உள்ளே 1 இருந்தால் இயங்குகிறது, 0 என்றால் இல்லை. எஸ்எம்இ-யும் டிஎஸ்எம்இ-யும் சேர்ந்தே இயங்கினால் எஸ்எம்இ தேவையற்றது என்று கெர்னலே பூட் பதிவில் சொல்லிவிடும்.

இன்டெல் மெஷினில் வேலை எளிது. பூட் பதிவில் எக்ஸ்86 டிஎம்இ என்று தொடங்கும் வரியில் 'எனேபிள்ட் பை பயாஸ்' என்றோ 'நாட் எனேபிள்ட் பை பயாஸ்' என்றோ இருக்கும். கொடி வரியை மட்டும் நம்ப வேண்டாம். பழைய கெர்னல்களில் பயாஸ் மூடியிருந்தாலும் டிஎம்இ கொடி தெரியும். சந்தேகம் என்றால் பதினாறடிமான 982 பதிவேட்டைப் படித்துவிடலாம்.

இயக்கும் முறைக்கு வருகிறோம். பல ஏஎம்டி போர்டுகளில் பயாஸின் அட்வான்ஸ்ட் பகுதியில் ஏஎம்டி சிபிஎஸ் என்றொரு பட்டியல் இருக்கும். அதில் சிபியு காமன் ஆப்ஷன்ஸ் கீழே எஸ்எம்இஇ, அதாவது எஸ்எம்இ-யைத் திறக்கும் தேர்வு. யுஎம்சி காமன் ஆப்ஷன்ஸ் கீழே மெமரி செக்யூரிட்டி பகுதியில் டிஎஸ்எம்இ. எஸ்எம்இ-க்கு அடுத்த வேலை கெர்னலில். பூட் அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்பில் ஏஎம்டி_மெம்_என்கிரிப்ட் என்ற தேர்வுக்கு நேரே 'ஒய்' இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஈடிசி, டிஃபால்ட், கிரப் கோப்பில் கெர்னல் வரியோடு மெம்_என்கிரிப்ட்=ஆன் என்று சேர்த்து, உபுண்டு, டெபியன் என்றால் அப்டேட்-கிரப் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். வந்ததும் ப்ராக் அடைவின் சிஎம்டிலைன் கோப்பில் அந்தச் சொல் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறொரு கோப்பைத் திருத்திவிட்டு, ஏறிவிட்டதாக எண்ணிப் போவது அடிக்கடி நடக்கும் பிழை.

ரீபூட் செய்ததும் திரை கறுப்பாகவே நின்றால் பதற வேண்டாம். மெஷின் எழும்போது வரும் கிரப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, அந்தச் சொல்லை அழித்து, எஃப்10 அழுத்தினால் பழையபடி வந்துவிடும். ஏன் இப்படி ஆகிறது என்றால், மறையாக்க பிட் 47-ஆவது போன்ற உயர்ந்த இடத்தில் இருக்கிறது. 32 பிட் முகவரி மட்டும் தெரிந்த கார்டு அந்த உயரத்தை எட்டாது. அது ராமைத் தொட வேண்டுமானால், கார்டுகளின் முகவரியை மாற்றிக்கொடுக்கும் ஐஓஎம்எம்யு வழியாகவோ, எஸ்டபிள்யுஐஓடிஎல்பி என்ற இடைத்தாங்கல் நினைவகம் வழியாகவோதான் போக வேண்டும். சில மடிக்கணினிச் சிப்களின் கிராஃபிக்ஸ் பகுதிக்கு இது ஒத்துவரவில்லை. பூட் ஆகவே மறுத்தன. அதனால்தான் முன்பு தானாகவே இயங்கும்படி இருந்த இந்தத் தேர்வை, 2021-இல் கெர்னல்காரர்கள் கேட்டால் மட்டும் இயங்கும்படி மாற்றினார்கள். கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு ஓசையில்லாமல் மறையாக்கம் நின்றுபோன சர்வர்களுக்கு இந்த மாற்றம் ஒரு காரணம். முன்பு ஒருமுறை பார்த்து எழுதியது இன்றைக்குச் செல்லாது.

வேகத்துக்காக, கார்டுகள் ஐஓஎம்எம்யு-வைத் தாண்டி நேரே ராமுக்குப் போகும்படி ஐஓஎம்எம்யு=பிடி என்று கெர்னல் வரியில் போட்டிருந்தால் எஸ்எம்இ-யோடு அது சேராது; எட்டாத கார்டுகள் எல்லாம் இடைத்தாங்கல் வழியே போகத் தொடங்கும். அதன் வழக்கமான அளவு 64 மெகாபைட். பளு கூடினால் 'எஸ்டபிள்யுஐஓடிஎல்பி பஃபர் ஈஸ் ஃபுல்' என்று பதிவில் வரிசையாக விழும். டிஸ்க்கும் நெட்வொர்க்கும் திணறும். அப்போது பிடி என்பதை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால் எஸ்டபிள்யுஐஓடிஎல்பி=65536 என்று கொடுத்து இடத்தைக் கூட்டலாம். ஒவ்வொரு துண்டும் 2 கிலோபைட் என்பதால் அது 128 மெகாபைட்.

கெர்னல் விழுந்தால் ராமைக் கோப்பாக எடுத்து வைக்கும் கே-டம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முதல் கெர்னல் எஸ்எம்இ-யோடு ஓடினால், விபத்துக்குப் பிறகு எழும் இரண்டாவது கெர்னலும் எஸ்எம்இ-யோடுதான் எழ வேண்டும். இல்லையென்றால் பழைய ராமை அதனால் படிக்க முடியாது. டம்ப் கோப்பு குப்பையாகத்தான் வரும்.

அந்த டம்ப் கோப்பு ஒழுங்காக வந்தால் அங்கே வேறொரு ஓட்டை. சிபியு வழியாகப் படித்து டிஸ்க்கில் எழுதியதால் அது தெளிந்த நிலையில் கிடக்கும். ராம் போதாதபோது டிஸ்க்கில் தரவை ஒதுக்கி வைக்கும் ஸ்வாப்பும் அப்படியே. கரண்டு கட் என்றதும் ஹைபர்னேட் ஆகும் லேப்டாப்பின் ராம் முழுவதும் அப்பட்டமாக டிஸ்க்கில் போய் உட்காரும். டிஸ்க் மறையாக்கம் இல்லாத மெஷினில் ராம் மறையாக்கம், கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் திண்டுக்கல் பூட்டுப் போட்டதற்குச் சமம். உள்ளே புகுந்துவிட்ட வைரஸையும் இது தடுக்காது; ஓடுகிற எந்த நிரலுக்கும் சிபியு தெளிந்த தரவைத்தான் கொடுக்கும். திருடன் கையில் சிக்கும் ராமுக்கான காவல் இது, அவ்வளவே. விற்பவர்கள் இதற்கு மேல் சொன்னால் நம்ப வேண்டாம்.

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்களில் இருப்பவர்கள் போல வாடகை மெஷினில், அதாவது கிளவுடில் வேலை செய்பவர்களுக்கு எஸ்இவி-தான் கேள்வி. மெய்நிகர் மெஷினுக்கு உள்ளே பூட் பதிவில் அதே 'ஆக்டிவ்' வரியில் எஸ்இவி, எஸ்இவி-இஎஸ், எஸ்இவி-எஸ்என்பி என்று வரும். ஆனால் வீட்டுக்காரரை நம்பாமல் குடியிருப்பதற்காக வந்த வசதிக்கு, வீட்டுக்காரர் காட்டும் காகிதம் போதாது. டெவ் அடைவில் எஸ்இவி-கெஸ்ட் என்ற சாதனக் கோப்பு வழியாகப் பாதுகாப்புச் செயலி கையொப்பமிட்ட சான்றறிக்கையை வாங்கிச் சரிபார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் வெளியான பேட்ராம் ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. ராம் ஸ்டிக்கின் அளவைச் சொல்லும் எஸ்பிடி சிப்பில் அதை இரட்டிப்பாகப் பொய் எழுதி இந்தக் காவலைக் கடக்க முடிந்தது. ஏஎம்டி ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்திருக்கிறது. உங்கள் மெஷின் அதை ஏற்றியிருக்கிறதா என்பதையும் வாடகைக்கு விடுபவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இதையெல்லாம் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் முக்கிய வேண்டுகோள். கெர்னல் ஆவணங்களில் மொழிபெயர்ப்பு அடைவில் சீனம், ஜப்பான், கொரியா, இத்தாலி, ஸ்பானிய மொழிகள் இருக்கின்றன. தமிழ் இல்லை. எழுத முன்வருபவர்கள் முதலில் சொல் விஷயத்தில் கவனம் வைக்க வேண்டும். தமிழ்த் திரைகளில் 'செயல்படுத்தப்பட்டது', 'செயலில் உள்ளது' என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று பயாஸ் திறந்ததற்கு, இன்னொன்று கெர்னல் இயக்குவதற்கு என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? இரவு பதினொரு மணிக்கு சர்வர் அறையில் நிற்கும் ஐ.டி.ஐ. படித்த பையனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படும். 'திறன் உண்டு', 'பயாஸ் திறந்துள்ளது', 'கெர்னல் இயக்குகிறது' என்று யார் செய்தது என்பதையும் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டால் குழப்பம் வராது. திரையில் வரும் ஆங்கில வரியை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்து, அருகில் தமிழில் விளக்க வேண்டும். மொழிபெயர்த்துவிட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணி தேடும் மாணவர்களுக்கு இது மிக நல்ல வேலை. ஆவணம் வெறும் எழுத்துக் கோப்புதான். மேக் எச்டிஎம்எல்டாக்ஸ் கொடுத்தால் பிழை எங்கே என்று சொல்லிவிடும்.

வாங்கும் இடங்களில் செய்யக்கூடியது இன்னும் எளிது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் இருக்கிறது. ஆகவே 'உண்டு' என்ற வரியை அடித்துவிட்டு, ஒப்படைப்புத் தாளில் இவற்றைக் கேளுங்கள்: சிப்பின் முழுப் பெயர், பயாஸ் பதிப்பு, யுநேம் மைனஸ் ஆர் காட்டும் கெர்னல் பதிப்பு, 23-ஆவது பிட்டின் மதிப்பு அல்லது டிஎஸ்எம்இ_ஸ்டேட்டஸ் கோப்பின் மதிப்பு, பூட் பதிவில் வந்த அந்த ஒரு வரி எழுத்துப் பிசகாமல், பார்த்தவர் கையெழுத்து, தேதி. பத்து நிமிட வேலை.

அதே தாளில் அடியில் இடம் விட்டு வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்த அன்றும், கெர்னல் மாறிய அன்றும் திரும்பப் பார்த்து எழுத வேண்டும். போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றினாலும் அப்படியே. இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்களில் அந்தச் செல் சீக்கிரமே தீர்ந்துவிடும். தீர்ந்த அன்று கடிகாரம் பின்னால் போனதை எல்லோரும் கவனித்துச் சரிசெய்துவிடுவார்கள். எஸ்எம்இஇ பழைய இருப்புக்குத் திரும்பி மூடிக்கொண்டதை யாரும் கவனிப்பதில்லை.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள சிலர்,
மதுரை – 20.